மண்டபத்தில் முடிந்த சாலை

1988 அக்டோபர் 2ஆம் தேதி வரை மதுரையிலிருந்து கிழக்கே வரும் தார்ச்சாலை மண்டபத்தோடு நின்றது. பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி கடந்து எந்த வண்டி வந்தாலும் தோணித்துறைக்கு அப்பால் கடல்தான். லண்டனில் கிளம்பி, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகச் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தவருக்கும் இதே கதிதான். பாம்பனைத் தாண்ட ரயில் பாலம் ஒன்றுதான் உண்டு. காரையும் இலங்கைக்குக் கொண்டுபோக நினைத்தால் இந்தப் பக்கம் ரயில் வேகனில் ஏற்ற வேண்டும், தீவில் இறக்கிக் கப்பலுக்கு மாற்ற வேண்டும், தலைமன்னாரில் மறுபடி இறக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தன் இஷ்டத்துக்கு ஓட்டி வந்தவர், இந்தக் கடைசிச் சில மைல்களுக்கு ரயில்வே குமாஸ்தா, சுங்க அதிகாரி, சுமைகூலி மூவரின் தயவிலும் இருந்தாக வேண்டும்.

ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி வெளிநாட்டுப் பயணிகள் விட்டுச்சென்ற நினைவுகளை வாசிக்கும்போது இந்தக் கட்டாய நிறுத்தத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அவர்களில் மிகச் சிலரே இந்த ஊர்களைப் பார்ப்பதற்கென்று வந்தவர்கள். மற்றவர்கள் இலங்கைக்குப் போகிறவர்கள், அல்லது அங்கிருந்து திரும்புகிறவர்கள். பாலம் இல்லாததால் நின்றார்கள், நின்றதால் பார்த்தார்கள். தடையில்லாத சாலையும் பாலமும் இருந்திருந்தால் மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்ற பெயர்கள் அந்த ஏடுகளில் இடம்பெற்றிருக்குமா என்பதே சந்தேகம்.

1959இல் ஐ.நா.வின் ஆசிய, தூரகிழக்குப் பொருளாதார ஆணையம் ஆசிய நெடுஞ்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தடங்களில் இன்று 43ஆம் எண் பெற்றிருப்பது ஆக்ராவில் புறப்பட்டு நாக்பூர், ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு வருகிறது. கடலுக்கு அப்பால் தலைமன்னாரில் மீண்டும் தொடங்கி, அநுராதபுரம், கொழும்பு கடந்து மாத்தறையில் முடிகிறது. வரைபடத்தில் அது ஒரே கோடு. கோட்டின் நடுவே சுமார் 35 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது.

இந்தக் கடலைத் தாண்டும் வழி மிகப் பழையது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து மாபார் என்று அறியப்பட்ட இந்தக் கரைக்கு வந்த பயணி இபுன் பதூதாவின் கப்பல் கரையை நெருங்கும்போது உடைந்தது. உயிர் பிழைத்து மதுரை சுல்தானின் பாசறைக்குப் போன அவர், பின்னர் 'பத்தன்' என்ற துறைமுகத்தையும் பார்த்தார். கடலுக்குள் பெரிய மரத்தூண்கள் நட்டு எழுப்பிய ஒரு மண்டபத்தையும், அதற்குச் செல்லும் மூடிய மரப்பாதையையும் அவர் விவரிக்கிறார். அந்த ஊர் கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள், அது கடல் வணிகம் செழித்த ஊர் என்பதை எப்படியும் உறுதிப்படுத்திவிட்டன. இபுன் பதூதாவுக்கு இந்தக் கரை போகிற வழியில் வந்த ஊரல்ல, அரசும் சந்தையும் உள்ள ஒரு நாடு. பின்னால் வந்தவர்களின் குறிப்புகளில் இந்தப் பார்வை குறைந்துகொண்டே போகிறது.

காசியிலிருந்து வருபவருக்கு இந்தக் கரை வேறு பொருள் கொண்டது. சேதுவின் காவலர் என்பதையே பட்டமாகக் கொண்ட ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சியில் சேது மார்க்கம் நெடுகச் சத்திரங்கள் எழுந்தன. தோணித்துறையில் தோணி ஏறிப் பாம்பனில் இறங்கி, மணலில் நடந்து ராமேஸ்வரம் கோயிலை அடைய வேண்டும். கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் ராமேஸ்வரம் கோயிலின் பிரகாரங்களை வியந்து, ரோமின் புனித பேதுரு ஆலயத்தின் நடுக்கூடத்தோடு நீளத்தை ஒப்பிட்டார். ஐரோப்பியரின் ராமேஸ்வரக் குறிப்புகள் பிரகாரங்களையே சுற்றிச் சுற்றி வருவதில் வியப்பில்லை. கருவறைக்குள் போக முடியாதவர் கண்ணுக்கு எட்டியதைத்தானே எழுதுவார்.

1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து பாம்பன் குந்துகாலில் இறங்கினார். பாஸ்கர சேதுபதி நேரில் போய் வரவேற்றார். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டுத் தாயகம் திரும்பிய ஒருவர் முதலில் காலூன்றிய இடம் இது என்பதால் பாம்பன் அன்று நாடறிந்த ஊரானது. ரயில் பாலமோ கப்பல் சேவையோ வராத காலம் அது. அப்போது கொழும்புக்குப் போகும் வழக்கமான கப்பல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டது. மெட்ராஸ் போட் மெயிலும் தூத்துக்குடிக்குத்தான் போனது.

1914இல் இது தலைகீழாக மாறியது. பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நடுவில் கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக இரண்டாகப் பிளந்து மேலெழும் ஷெர்சர் தூக்குப்பகுதி. ஆட்கள் நெம்புகோல்களைக் கையால் சுழற்றித்தான் அதைத் திறந்தார்கள். அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் சூட்டிய நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. பின்னால் இர்வின், கோஷன் வந்தன. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு கோட்டை வரை போகலாம். எழும்பூரில் மாலை ஏறியவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, அக்கரையில் இரவு ரயிலைப் பிடித்து, அதற்கடுத்த காலை கொழும்பில் இருப்பார். இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் அகலப்பாதை. ஆகவே இடையில் பாலமே கட்டியிருந்தாலும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

வெள்ளைக்காரப் பயணிக்கு இது சுகமான வழி. அதே வண்டியின் மூன்றாம் வகுப்பில் வந்த தோட்டத் தொழிலாளிக்கு மண்டபம் முகாம் என்ற வாசல் இருந்தது. அந்த முகாம் எப்படி வந்தது என்று சொல்லாமல் இந்தக் கடற்கரையின் பயண வரலாறு முழுமை பெறாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால் கால்நடையாகத் தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ பாம்பனுக்கோ வந்து பாய்மரத் தோணி ஏறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வடக்குப் பாதை என்று அழைக்கப்பட்ட அந்த வழியில் காலராவும் தாகமும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. தோட்டத் துரைகளுக்கு ஆட்கள் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டார்கள். நோய் தீவுக்குள் நுழையக் கூடாது என்ற அச்சமும் கூடவே வளர்ந்தது. ரயிலும் கப்பலும் வந்ததும் மண்டபத்தில் பெரிய தடுப்பு முகாம் எழுந்தது. அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். சென்னை மாகாணத்து மண்ணில் இன்னொரு காலனி அரசு நடத்திய முகாம் அது. தொழிலாளர்கள் சில நாட்கள் அங்கே நிறுத்தப்பட்டார்கள். குளிக்க வைத்து, துணிகளை அவித்து, அம்மை குத்தி, சோறு போட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும் தகரத் துண்டு ஒவ்வொருவரிடமும் இருக்கும். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களுக்கு இந்தக் காவல் கிடையாது. அவர்கள் அன்றைக்கே கடலைக் கடந்துவிடலாம்.

ஒரே ரயில், ஒரே கப்பல், ஆனால் பயணத்தின் கால அளவு வேறு வேறு. பயண நூல் எழுதியவர்கள் அன்றைக்கே கடந்தவர்கள். நாட்கணக்கில் முகாமில் கிடந்தவர்களுக்கு எழுத்து இல்லை. ஆக, நம் கையில் இருக்கும் ஏட்டுச் சான்றுகள் மண்டபத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவை. முகாமின் உள்ளே இருந்தவர்களின் குரலை இலங்கை மலையகத்து வாய்மொழிப் பாடல்களிலும் குடும்பக் கதைகளிலும்தான் தேட வேண்டும். ஆய்வாளர்கள் கங்காணியின் கணக்கையும் சுகாதார அதிகாரியின் அறிக்கையையும் புரட்டிய அளவுக்கு இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை என்பது என் எண்ணம்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. முகாமின் பழைய வேலை அதோடு சுருங்கியது. 1949இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. அருகிலுள்ள குருசடைத் தீவின் கடலுயிர்களைத் தேடி விஞ்ஞானிகளும் மாணவர்களும் வந்தார்கள். கொழும்பை நோக்கி ஓடாமல், இந்தக் கடலையே பார்க்க வந்து தங்கியவர்கள் இவர்கள்தான். சங்கையும் முத்துச்சிப்பியையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற வெள்ளை அதிகாரிகளுக்கும் இதே பெருமை உண்டு. கீழக்கரைச் சங்குக் குளியாளிகள் எத்தனை பாகம் ஆழத்தில் மூழ்குவார்கள், எந்தக் காற்றில் தொழில் நடக்கும் என்பதை அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். அவசரமாகப் போன பயணிகள் எழுதியதைவிட அவர்களின் வறண்ட அறிக்கைகளே இன்று அதிகம் பயன்படுகின்றன.

தனுஷ்கோடி ஐம்பது ஆண்டுதான் துறைமுகமாக வாழ்ந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், விடுதிகள் எல்லாம் அந்த மணல்முனையில் இருந்தன. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. மீனவர்கள் ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். அந்த ஊரின் பகல்கள் ரயில் வரும் நேரத்தையும் கப்பல் புறப்படும் நேரத்தையும் ஒட்டியே நகர்ந்தன.

அந்தக் காலத்தைப் பற்றித் தமிழர் அதிகம் வாசித்த நினைவு அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்'. பக்தர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச்செல்ல அவருடைய தந்தை ஒரு படகு கட்டியதை அதில் சொல்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால், ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கும் வேலையில் தான் உதவியதையும் சொல்கிறார். உலகப் போர் ஒரு சிறிய தீவின் சிறுவனுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. ஆனால் அதே நூலில் இளமைக்கால நிகழ்ச்சிகளுக்கு நடுவே, புயல் படகைக் கொண்டுபோனதாகவும் பாம்பன் பாலம் பயணிகள் ரயிலோடு சரிந்ததாகவும் ஒரு குறிப்பு வருகிறது. ரயில் கடலில் போனது 1964இல், கலாமுக்கு முப்பது வயது கடந்த பிறகு. அதுவும் பாலத்தின் மேல் அல்ல, தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில். படகைக் கொண்டுபோன பழைய புயலும் ஊரைக் கொண்டுபோன பெரும்புயலும் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்றே தோன்றுகிறது. இதனால் நூலின் மதிப்பு குறையவில்லை. ஒரு கரை தன் பேரழிவுகளை எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதுவே சான்று. வெளிநாட்டுக்காரர் நினைவுகளில் பிழை தேடுகிற நாம், நம் வீட்டு நினைவுகளையும் அதே கண்ணால் வாசிக்கத்தான் வேண்டும்.

1964ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்கள் இந்தக் கரையின் போக்கையே மாற்றின. அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றது ஒப்பந்தம். எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. அந்த மக்களிடம் ஒருவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் கடலில் விழுந்தன, ஷெர்சர் தூக்குப்பகுதி மட்டும் தப்பியது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரானது. தனுஷ்கோடி சீராகவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. லட்சக்கணக்கானோர் வந்து இறங்க வேண்டிய துறையே இல்லாமல் போனது.

கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 'ராமானுஜம்' என்ற கப்பல்தான் எழுபதுகளில் இந்தக் கடலைக் கடந்தவர்களின் நினைவுகளில் மறுபடி மறுபடி வருவது.

அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குத் தரைவழி வரும் கூட்டம் பெருகியிருந்தது. 1957இல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 'இண்டியாமேன்' பேருந்து ஓடத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பழைய வேன்களிலும் பேருந்துகளிலும் இளைஞர்கள் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாக டெல்லிக்கு வந்தார்கள். பலர் காத்மண்டுவுக்கோ கோவாவுக்கோ திரும்பினார்கள். ஒரு பிரிவு தெற்கே இறங்கி, ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி, இலங்கையின் ஹிக்கடுவைக் கடற்கரையில் போய்க் குளிர்காலத்தைக் கழித்தது. கையில் காசு குறைவு, நேரம் நிறைய. கப்பல் தினமும் கிடையாது என்பதால் ராமேஸ்வரத்தில் தங்கித்தான் தீர வேண்டும். சத்திரங்களிலும் சின்ன விடுதிகளிலும் படுத்தார்கள், ஜட்காவில் போனார்கள், நான்காம் பிரகாரம் எங்கே என்று மூன்றாம் பிரகாரத்தில் நின்று கேட்டார்கள். நீளமுடி வெள்ளைக்காரரைச் சாமியார் என்பதா, பிச்சைக்காரர் என்பதா என்று ஊர் குழம்பியது. ஊர் அவர்களைப் பார்த்த விதம் எழுதப்படாமலே போய்விட்டது. ஏ.கே. செட்டியாரும் சோமலெயும் தமிழன் உலகத்தைப் பார்த்த கதையை எழுதினார்கள். உலகம் நம் தெருவுக்கு வந்ததைப் பார்த்த கதையை எழுத ஆள் வாய்க்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் பால் தெரூ 1973இல் சென்னையிலிருந்து ரயிலில் ராமேஸ்வரம் வந்து கப்பலில் தலைமன்னார் சென்றார். 1975இல் வெளியான 'தி கிரேட் ரயில்வே பஜார்' நூலில் இந்த வழிக்குத் தனி அத்தியாயங்கள் உண்டு. இலங்கையில் அப்போது கடும் உணவுத் தட்டுப்பாடு. தெரூவின் கண் கூர்மையானது, நாக்கு அதைவிடக் கூர்மையானது. சக பயணிகளைக் கேலி செய்யும் இடங்களில் அவரை நான் நம்புவதில்லை. வண்டி, நேரம், கூட்டம், சாப்பாடு பற்றிச் சொல்லும் இடங்களில் நம்பலாம்.

முதுகில் மூட்டையோடு இளைஞர்கள் அக்கரைக்குப் போன அதே கப்பல், திரும்பும்போது ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட குடும்பங்களை ஏற்றி வந்தது. மலையகத்தில் பிறந்து, தமிழ்நாட்டைப் பாட்டன் சொன்ன கதையாக மட்டுமே அறிந்தவர்கள் தகரப்பெட்டியும் பாத்திரங்களும் பிள்ளைகளுமாக ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்ன சுங்கம், மண்டபம் முகாம், பிறகு எங்கோ நூற்பாலையிலோ நீலகிரித் தேயிலைக் கழகத்திலோ வேலை என்ற காகிதம். இவர்களும் அயல்நாட்டிலிருந்து வந்த பயணிகள்தாம், பார்த்தறியாத கடற்கரை ஊர் ஒன்றில் முதன்முதலாக இறங்கியவர்கள்தாம். ஆனால் அக்காலத்து வெள்ளைக்காரப் பயண நினைவுகளில் இவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். போகிறவர்கள் ஏறும் நேரமும் வருகிறவர்கள் இறங்கும் நேரமும் வேறு வேறு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் இன்று வயதான அந்த மனிதர்களிடம் கேட்டால், கப்பலை மறந்தவரைக் காண்பது அரிது.

1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. லண்டன்–டெல்லித் தரைவழி அதோடு அறுந்தது. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இங்கேயும் கடல் மூடியது. 1984க்குப் பின் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் ஓடவில்லை. தாயகம் திரும்ப வேண்டியவர்களின் வரிசை பாதியில் நின்றது. போரில் வீடிழந்தவர்கள் இரவில் படகுகளில் வந்து இறங்க, மண்டபம் முகாம் மூன்றாவது முறையாக வேறொரு கூட்டத்துக்குத் தங்குமிடமானது.

நான்கு ஆண்டு கழித்து, ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.3 கிலோமீட்டர் சாலைப் பாலம் மண்டபத்தைத் தீவோடு இணைத்தது. பாலம் இல்லாத காலமெல்லாம் இலங்கைக்குப் போக முடிந்தது. பாலம் வந்தபோது அதன் மறுமுனை ராமேஸ்வரத்தோடு முடிந்தது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் பாதை மறுபடி திறந்தது. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதுவரை மணலில் உறுமிக்கொண்டு போன வேன்களுக்கு வேலை போனது. 2025 ஏப்ரலில், செங்குத்தாக மேலெழும் தூக்குப்பகுதியோடு புதிய பாம்பன் ரயில் பாலம் வந்தது. மீட்டர் கேஜ் 2007இலேயே அகலப்பாதையாகிவிட்டதால், இன்று இரு கரைகளிலும் ரயில் தண்டவாளத்தின் அகலம் ஒன்றே. 1914இன் பொறியாளர்களுக்கு இருந்த சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்திருக்கின்றன. அவர்களிடம் இருந்த கப்பல்தான் நம்மிடம் இல்லை.

தெரூ பழைய தடத்தைப் பின்பற்றி மீண்டும் ஒரு பயணம் செய்து 2008இல் நூல் வெளியிட்டார். அந்த முறை ராமேஸ்வரம் வழி அவருக்கு இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. ஆசிய நெடுஞ்சாலை 43 நாகப்பட்டினத்தைத் தொடுவதில்லை. அந்தக் கப்பல் மனிதர்களையும் பெட்டிகளையும் மட்டுமே ஏற்றும்.